பொற்சாடியில் உறங்கிய கழற்சிக்கொட்டை

முன்னொரு காலத்தில், மாதம் மும்மாரி பெய்ததோ இல்லையோ, மாதம் மூன்று முறை அரசருக்குப் புதிய ஆசை பிறப்பது மட்டும் தவறாத நாடு ஒன்று இருந்தது. அந்நாட்டு அரசர் நல்லவர். அவர் நல்லவர் என்பதே அவையோர்க்குப் பெருந்தொல்லை. கொடுங்கோலனாயின் அஞ்சி ஒதுங்கியிருக்கலாம். அவரோ எந்த நன்மையையும் அளவுக்கு மீறிச் செய்யப் புறப்பட்டுவிடுவார். போதாக்குறைக்கு, ஒருமுறை இட்ட ஆணையைத் திரும்பப் பெறுவதில்லை என்பது அவர் குலத்து வழக்கம். அப்படிப் புறப்பட்டவரை வழியில் மறித்து, அவர் அறியாமலே திருப்பிவிடும் பணிக்கென்று அவ்வவையில் இடும்பன் என்னும் விகடன் ஒருவன் இருந்தான்.

ஓர் ஆண்டு கார்காலத்தில் அரசருக்கு முறைக்காய்ச்சல் கண்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிரும், நடுக்கமும், பிதற்றலுமாக அவர் வாடினார். அரண்மனை மருத்துவர் சதானந்தர் பொடி கொடுத்தார், இளகம் கொடுத்தார், பற்றுப் போட்டார். காய்ச்சல் அவற்றையெல்லாம் உண்டு கொழுத்ததே அன்றி அகலவில்லை.

அப்பொழுது இடும்பன்தான் மலையடிவாரத்து மருத்துவச்சி காராயியை அழைத்து வரலாம் என்றான். அவளை அவன் அறிவான். முந்தைய ஆண்டு அவனுடைய மகள் தேனாள் இதே காய்ச்சலில் கண் திறவாமல் கிடந்தபோது, காராயி அடுப்பருகில் அமர்ந்து கழற்சிக்கொட்டையை உடைத்து, உள்ளிருந்த கசப்புப் பருப்பை மிளகோடு அரைத்து ஊட்டினாள். பிள்ளை எழுந்து சோறு கேட்கும்வரை அவள் அவ்விடம் விட்டு அசையவில்லை. புறப்படும்போது இடும்பன் தன் கைக்கடகத்தைக் கழற்றி நீட்டினான். அதை அவள் தொடவில்லை. "மலையில உப்புக்குத்தான் பஞ்சம், ஐயா. ஒரு கை உப்பு கொடு, போதும்" என்று முந்தானையில் முடிந்துகொண்டு சென்றாள். அன்று தொட்டு, உண்ணும் ஒவ்வொரு கவளத்திலும் உப்பைச் சுவைக்கும்போது இடும்பனுக்கு அவள் நினைவு வரும்.

அதே பருப்பை அரசரும் உண்டார். அப்போது அவர் முகம் போன போக்கைக் கண்டால் பாகற்காயும் நாணியிருக்கும். ஆயினும் காய்ச்சல் நீங்கியது. அரசர் பொற்றட்டை நீட்ட, காராயி அங்கும் ஒரு கை உப்பே கேட்டாள். அதுமட்டுமன்றி, ஒரு சுருக்குப் பை நிறையக் கழற்சிக்கொட்டையை அரசர் காலடியில் வைத்தாள்.

"இதை உங்க வேலியோரம் போட்டு வையுங்க ராசா. வளர்ந்துட்டா ஊருக்கே ஆகும். அடுத்த தடவை யாருக்காவது காய்ச்சல் வந்தா, என்னைத் தேடி ஆள் மலையேறி வர வேண்டாம்."

அரசரின் கண்கள் கலங்கின. சாம்பல் நிறத்தில், பளிங்குபோல் மினுங்கிய அக்கொட்டைகளைக் கையிலெடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உடனே ஆணை பிறந்தது.

"இவை என் உயிரைக் காத்தவை. இன்று முதல் இவை அரச விருந்தினர். எவரேனும் இவற்றின் மேனியில் ஒரு கீறல் உண்டாக்கினாலும், அவர் என் மேனியைக் கீறியவராகவே கருதப்படுவார். அதற்குரிய தண்டனையையும் பெறுவார்."

நந்தவன அதிகாரி மங்கலராயருக்கு இது போதாதா? பொற்சாடிகள் வந்தன. சலித்த ஆற்றுமணலும் சந்தனத் தூளும் கலந்து நிரப்பிய சாடிகளில் விருந்தினர் அமர்த்தப்பட்டனர். காலையில் பாலும் மாலையில் பன்னீரும் தெளிக்கப்பட்டன. மேலே பட்டு விதானம். வைகறையில் நாகசுரம். அவைப் புலவர்கள் முறை வைத்துத் துயிலெழுப்பும் துயிலெடை பாடினர். விதைகள் துயிலெழவில்லை. பாலுக்கு எறும்புகள் மட்டுமே நன்றி பாராட்டின.

மழைக்காலம் போய்ப் பனிக்காலமும் போயிற்று. மணலை விலக்கிப் பார்த்தால், வந்த நாளில் இருந்த அதே மினுமினுப்போடு கொட்டைகள் கிடந்தன. நீர் அவற்றின் மேல் ஓடியதே தவிர, உள்ளே ஒரு துளியும் புகவில்லை.

இதற்கெனவே காத்திருந்தார் சதானந்தர். தாம் தீர்க்காத நோயை மலைக்காரி ஒருத்தி தீர்த்த நாளிலிருந்து அவருக்கு உண்டது செரிக்கவில்லை. மங்கலராயருக்கோ, பழி தம் தலையில் விழாதிருந்தால் போதும். இருவரும் சேர்ந்து அவையில் எழுந்தனர்.

"அரசே, நாவெழவில்லை, ஆயினும் கூற வேண்டியது எம் கடமை. இவை செத்த விதைகள். அவற்றை வேகவைத்துத் தந்திருக்கிறாள் அம்மருத்துவச்சி. இங்கே செடி முளைத்துவிட்டால் அவளை யார் தேடுவார்? நாடு என்றும் தன் வாசலில் காத்துக் கிடக்க வேண்டும் என்பது அவள் எண்ணம்" என்றார் சதானந்தர்.

"பாலூற்றியும் எழாதவன் பிணமாகத்தான் இருப்பான்" என்று ஒத்துப் பாடினார் மங்கலராயர்.

அரசர் முகம் வாடியது. எவ்வளவு நெகிழ்ந்து நன்றி பாராட்டினாரோ, அவ்வளவு ஆழமாகப் புண்பட்டார். காராயியை அழைத்து வரச் செய்தார்.

"அம்மையே, இவ்விதைகள் ஏன் முளைக்கவில்லை?"

"எனக்குத் தெரியாது ராசா. நான் பொறுக்குறவ, விதைக்கிறவ இல்லை. காடு விதைக்குது, நான் எடுத்துக்கிறேன். ஆனா வேகவைச்சுக் கொடுத்தேன்னு சொல்றாங்களே, அது பொய். உங்க வீட்டு உப்பைத் தின்னவ நான்."

"பொய்யோ மெய்யோ, விதைதானே சொல்ல வேண்டும்" என்றார் சதானந்தர். "அடுத்த முழுநிலாவுக்குள் முளைத்தால் மெய். இல்லையேல், இவளை ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் விட்டுவிடுதலே முறை. இந்நாட்டு மலையில் இவள் கால் படலாகாது."

அரசர் தலையசைத்துவிட்டார். அசைத்த தலையையும் அவர் திரும்பப் பெறுவதில்லை.

இடும்பன் காராயியைப் பார்த்தான். அந்த மலையை விட்டால் காராயிக்கு வேறு உலகம் இல்லை. அவளை இந்த அவைக்கு அழைத்து வந்த பாவியும் தானே அல்லவா? யோசிப்பதற்கு முன்பே அவன் வாய் திறந்துவிட்டது.

"அரசே, செத்தவனுக்கும் தூங்குபவனுக்கும் வேறுபாடு உண்டு. இவ்விதைகள் உறங்குகின்றன. எழுப்பிவிடலாம்."

"எழுப்புவது யார்?"

"அடியேன். எழுப்பாவிட்டால் காராயி அம்மையோடு அடியேனும் அக்கரை போகிறேன்."

அரசர் திடுக்கிட்டார். "உன்னை இழக்க எனக்கு மனமில்லை, இடும்பா."

"அக்கரையிலும் அரசர் ஒருவர் இருப்பாராம், பிரபோ. அவர் சிரித்துப் பலகாலம் ஆயிற்றாம்."

சதானந்தர் குறுக்கிட்டார். "எழுப்பட்டும், யாம் தடுக்கவில்லை. ஆனால் அரச ஆணை காக்கப்பட வேண்டும். விருந்தினர்மேல் இரும்பு படலாகாது. தீயிலிடலாகாது, கொதிநீர் ஆகாது. புளித்த நீரில் ஊறவைத்தல் கூடாது. உரலும் உலக்கையும் கூடா."

"இன்னும் ஒன்று" என்று மங்கலராயர் சேர்த்தார். "இடும்பன் கை விதையில் படவே கூடாது. கண்கட்டு வித்தை தெரிந்தவன், மாற்றி வைத்துவிடுவான்."

"அப்படியே ஆகுக" என்றார் அரசர்.

இடும்பன் பணிந்து வெளியே வந்தான். எழுப்புவது எப்படி என்று அவனுக்கே தெரியாது.

வீட்டில் அவன் மனைவி செங்கமலம் வேட்டியொன்றைத் தைத்துக்கொண்டிருந்தாள். "மறுபடியும் கிழிந்திருக்கிறது. கழுவுநீர் வாய்க்கால் ஓரத்து முள்ளை வெட்டுங்கள் என்று எத்தனை முறை சொல்வது? அரசவையில் நீங்கள் சிரிக்க வைப்பது உங்கள் பேச்சாலா, உங்கள் கிழிசலாலா என்றே எனக்கு ஐயமாக இருக்கிறது."

"அங்கே முள் எப்படி வந்தது?"

"உங்களுக்குத்தான் வீட்டில் நடப்பது எதுவும் தெரியாதே. கழற்சி முள்தான். தேனாளுக்கு மருந்தரைத்துக் காராயி விட்டுச் சென்ற மீதிக் கொட்டைகளில் பாதியை உங்கள் அருமை மகளும் தெருப்பிள்ளைகளும் விளையாட எடுத்துக்கொண்டார்கள். கல்லில் தேய்த்துத் தேய்த்து ஒருவர் கையில் ஒருவர் சூடு வைத்துக் கூச்சலிட்டார்கள். அலுத்ததும் வாய்க்காலில் எறிந்தார்கள். எறிந்தவை அத்தனையும் முளைத்து நிற்கின்றன. நான் நாலு கொட்டையைப் பயபக்தியோடு அவரைப் பாத்தியில் ஊன்றினேன். ஒன்றாவது எட்டிப் பார்க்கட்டுமே."

இடும்பன் உட்கார்ந்துவிட்டான். பிறகு எழுந்து, மனைவியின் அஞ்சறைப்பெட்டி அருகே மீந்திருந்த கொட்டைகளை எடுத்தான். இவை அரச விருந்தினர் அல்ல. ஏழை விகடன் வீட்டு உறவினர். சிலவற்றை அம்மிக்கல்லில் தேய்த்தான். சாம்பல் மினுக்கம் போய், அடியிலிருந்த மங்கிய தோல் தெரியும்வரை தேய்த்தான். சிலவற்றை இன்னும் ஆழமாகத் தேய்த்தான். சிலவற்றைத் தேய்க்கவே இல்லை. எல்லாவற்றையும் ஒரே சட்டி நீரிலிட்டான்.

மறுநாள் பார்த்தபோது, தேய்க்காதவை போட்டது போட்டபடி கிடந்தன. அளவாகத் தேய்த்தவை நீரைக் குடித்து, விருந்துண்ட சம்பந்தியைப்போல் உப்பியிருந்தன. ஆழத் தேய்த்தவையும் உப்பின. ஆனால் ஈரமண்ணில் வைத்த சில நாளில் அவை மட்டும் அழுகி நாறின.

"ஆக, கதவைத் தட்டினால் போதும், வீட்டை இடிக்கக் கூடாது" என்றான் இடும்பன்.

"யார் வீட்டை?" என்றாள் செங்கமலம்.

"அது கிடக்கட்டும். இன்று கிழியாத வேட்டியாகக் கொடு. அரசவைக்கு விளையாடப் போகிறேன்."

அவை கூடியதும் இடும்பன் பொற்சாடிகளின் முன் நின்று நீண்ட பெருமூச்சு விட்டான்.

"என்ன கவலை?" என்றார் அரசர்.

"நம் நாட்டு விருந்தோம்பலை எண்ணி வருந்துகிறேன், அரசே. விருந்தினருக்குப் பால் தந்தோம், பட்டுத் தந்தோம், பாட்டும் தந்தோம். இத்தனை மாதமாக அவர்களோடு ஒருவராவது விளையாடியதுண்டா? மாற்றரசர் தூதுவர் வந்தால்கூட நாலாம் நாள் சொக்கட்டான் விரிக்கிறோமே. விருந்தினரோடு விளையாட ஆணையில் தடை உண்டா?"

"தடையேது? ஆனால் கொட்டைகளோடு என்ன விளையாட்டு விளையாடுவது?"

"அவர்கள் குலத்துக்கே உரிய விளையாட்டுத்தான். இந்நாட்டில் பிறந்த எந்தச் சிறுவனுக்குத் தெரியாது, சூட்டுக்கொட்டை?"

அரசரின் முகம் மெல்ல மாறியது. முதலில் மீசை துடித்தது. பிறகு கன்னம் மலர்ந்தது. "சூட்டுக்கொட்டையா? இடும்பா, நான் இளவரசனாக இருந்தபோது எனக்கு இலக்கணம் கற்பித்த ஆசிரியர் முழங்கையில்... அவர் வேற்றுமை உருபுகளைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே..." மேலே சொல்ல இயலாமல் சிரித்தார்.

"விருந்தினர் அனைவரையும் அழைக்க வேண்டா, அரசே. பாதிப் பேர் மூத்தவர்களாக இருக்கலாம்; அவர்கள் சாடியிலேயே ஓய்வெடுக்கட்டும். மற்றவர்களோடு விளையாடலாம். அடியேன் கை படலாகாது. ஆகவே தாங்களே தொடங்கியருள வேண்டும்."

அரசர் அரியணையிலிருந்து இறங்கினார். ஒரு கொட்டையை எடுத்து, அரியணைப் படியின் கருங்கல்லில் விரைந்து தேய்த்தார். பின்னர் அதை, அருகில் கைகட்டி நின்ற மங்கலராயரின் தோளுக்குக் கீழே ஒட்டி வைத்தார்.

மங்கலராயர் துள்ளிய துள்ளலில் தலைப்பாகை சதானந்தர் மடியில் போய் விழுந்தது. அவை சிரித்தது. மற்றவர்களைவிடச் சற்று உரக்கச் சிரித்தவர் சதானந்தர்.

"சிரிக்கிறீரா, வைத்தியரே?" என்று மங்கலராயர் ஒரு கொட்டையை எடுத்தார்.

"ராயரே, பெரியவர்கள் கூடிய சபை இது. வேண்டா. சொன்னால் கேளும். வேண்டா என்கிறேன்... ஆ."

"எப்படி, நும் பற்றைவிடக் காரமாக இருக்கிறதா?"

"இரும், இதோ தருகிறேன், இரும்" என்று சதானந்தரும் சாடியில் கைவிட்டார்.

அதன் பிறகு அவ்வவையை அவை என்று எவர் சொல்வார்? சேனைத்தலைவர் தூணுக்குப் பின்னிருந்து பாய்ந்தார். முதிய புலவர் ஒருவர், தாம் துயிலெடை பாடிப் பாடித் தொண்டை கட்டிய ஆத்திரம் முழுவதையும் ஒரு கொட்டையில் காட்டினார். கல்தரை எங்கும் உராயும் ஓசை. இடும்பன் மட்டும் இரு கைகளையும் முதுகுப்புறம் கட்டிக்கொண்டு அவர்களிடையே உலவினான். எந்தக் கொட்டையிலாவது மினுக்கம் போய் மங்கிய தோல் தெரிந்தால், "போதும் ஐயா, அவர் களைத்துவிட்டார். வேறொருவரோடு ஆடுங்கள்" என்று தடுத்து, அதை ஒரு மண்சட்டி நீரில் இடச் செய்தான். சதானந்தரைத்தான் நிறுத்துவது கடினமாக இருந்தது. "பருப்பு வரை போகாதீர், வைத்தியரே. அது ராயரின் கைக்கு வைத்த சூடு, விதையின் உயிருக்கு வைத்ததன்று" என்று கெஞ்சி நிறுத்தினான்.

அப்பொழுதுதான் சதானந்தருக்குத் தன்னினைவு வந்தது. சட்டியை உற்று நோக்கினார். அவர் முகத்தில் வெற்றி படர்ந்தது.

"அரசே, ஆணை மீறப்பட்டது. விருந்தினர் மேனியெல்லாம் கீறல். தீயும் பட்டிருக்கிறது, இதோ சூடு."

"சூடு நும் கையிலன்றோ இருக்கிறது" என்றான் இடும்பன். "தீ எங்கே? புகை எங்கே?"

"கீறலுக்கு என்ன சொல்கிறாய்?"

அரசர் தம் கையிலிருந்த கொட்டையைப் பார்த்தார். அதன் மேனியிலும் கீறல்தான். ஆணையைத் திரும்பப் பெறுவதில்லை என்னும் குல வழக்கம் இப்போது அவரையே முள்ளாகக் குத்தியது. "இடும்பா, இப்பொழுது என்ன செய்வது?" என்றார் மெல்ல.

"ஆணைப்படியே செய்வோம், பிரபோ. கீறியவர் தண்டனை பெறத்தான் வேண்டும். ஆனால் தண்டனை விதிப்பவர் குற்றமற்றவராக இருத்தல் வேண்டும் அல்லவா? இந்த அவையில் விதையைத் தொடாதவர் யார்?"

அனைவரும் தத்தம் கைகளைப் பார்த்துக்கொண்டனர். முதுகுப்புறம் கட்டியிருந்த கைகளை இடும்பன் முன்னே நீட்டினான். அவை தூயவையாக இருந்தன.

"அடியேன் தொடலாகாது என்று அருள்கூர்ந்து தடுத்தவர் மங்கலராயர். அவருக்கு என் நன்றி. ஆகவே தீர்ப்புக் கூறுகிறேன். கீறியவர் ஒவ்வொருவரும் தாம் கீறிய விருந்தினரை, இவ்விரவு நீரில் ஊறியபின், மண்சட்டியில் ஊன்றுக. கிணற்றிலிருந்து தம் கையாலேயே நீர் மொண்டு வந்து, புண் ஆறித் தலைதூக்கும்வரை பேணுக. பால் கூடாது, பன்னீர் கூடாது, பணியாளர் கூடாது. அரசரும் இதற்கு விலக்கல்லர்."

அரசர் கைகூப்பி, "தீர்ப்புக்குத் தலைவணங்குகிறேன்" என்றார்.

மறுநாள் தொட்டு அரண்மனைக் கிணற்றடியில் காணக் கிடைக்காத காட்சி நடந்தது. அரசர் குடம் சுமந்தார்; அவருக்குப் பின்னே சேனைத்தலைவர்; அவருக்குப் பின்னே, வேட்டியைத் தூக்கிச் செருகிய சதானந்தர். மடைப்பள்ளிக்கு அருகில் ஓர் அறையில் தங்கவைக்கப்பட்டிருந்த காராயி, சாளரத்தின் வழியே அதைப் பார்த்துத் தன் நிலையையும் மறந்து சிரித்தாள்.

ஆனால் நிலவு வளர்ந்துகொண்டே வந்தது. மண் மட்டும் வாய் திறக்கவில்லை. இடும்பன் நாள்தோறும் சட்டிகளின் வரிசையைச் சுற்றி வந்தான். அவையில் விகடம் சொன்னான். சொல்லும்போதே செவி சட்டிப் பக்கம் இருந்தது. ஒருநாள் காராயியின் அறைக்குச் சென்று வாசலில் நின்றான்.

"அம்மா, உன்னை இங்கே அழைத்து வந்தவன் நான்."

"தெரியும். அதனால என்ன? ராசா பிழைச்சாரில்ல?"

"முளைக்காவிட்டால்?"

"நீயும் கூட வர்றியாமே. வழியில சிரிச்சுக்கிட்டே போகலாம், போ" என்றாள் அவள்.

முழுநிலாவுக்கு முந்தைய நாள் காலை. அவை கூடியிருந்தது. மங்கலராயர் பொற்சாடிகளைச் சான்றாகக் கொண்டுவந்து வைத்திருந்தார். ஓய்வெடுத்த மூத்த விருந்தினர் அவற்றில் பழைய மினுமினுப்போடு கிடந்தனர். தீர்ப்பை விரைவுபடுத்த வேண்டிய சதானந்தரை மட்டும் காணவில்லை.

வாயிற்புறத்தில் யாரோ ஓடிவரும் ஓசை கேட்டது. மார்பில் மண்சட்டியை அணைத்தபடி, மேலாடை நழுவ, சேறு படிந்த காலோடு சதானந்தர் உள்ளே பாய்ந்தார்.

"முளைத்துவிட்டது, அரசே. என்னுடையது முளைத்துவிட்டது. ராயருடையதற்கு முன்பே என்னுடையது..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நடு அவையில் நின்றுவிட்டார். தாம் சொல்வது இன்னதென்று அப்போதுதான் அவர் காதிலும் விழுந்தது.

சட்டியில் பசுமையான முளையொன்று, தலை குனிந்து, மேலே சிறிது மண்ணைச் சுமந்தபடி நின்றது.

அரசர் முதலில் முளையைப் பார்த்தார்; பிறகு சதானந்தரைப் பார்த்தார். அவருடைய சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி அரியணையை அசைத்தது. அவை முழுவதும் உடன் சிரித்தது. சதானந்தர் சட்டியைக் கீழே வைக்கவில்லை. அதை அணைத்தபடியே, காராயி அழைத்துவரப்பட்டதும் நேரே அவளிடம் சென்றார்.

"அம்மையே, செத்தது என்று சொன்ன வாய் இது. நாள்தோறும் நீர் சுமந்து வந்து இதன்முன் குந்தியிருந்தபோது, பொய் சொன்னதை மறந்து, முளைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டதும் இதே வாய். பொறுத்தருள வேண்டும்."

"நல்லா வந்திருக்கு, வைத்தியரே. கொடி ஏறினா பந்தல் கட்டாதே. முள்ளு அதுவாப் பிடிச்சுக்கும்" என்றாள் காராயி.

அன்று மாலைக்குள் அரசருடைய சட்டியும் தலைதூக்கிற்று. அடுத்து வந்த நாள்களில் மங்கலராயருடையதும் மற்றவையும் பெரும்பாலும் முளைத்தன. சதானந்தர் அளவு மீறித் தேய்த்த ஒன்று மட்டும் அழுகியது.

அரசர் காராயியின் முன் நின்றார். "உன்மேல் ஐயுற்றேன். அந்தக் குற்றத்துக்கு என்ன ஈடு தருவேன்?"

"மலைக்கு வழி விடுங்க, ராசா. அதோட ஒரு கை உப்பு."

"ஒரு மூட்டையாக எடுத்துக்கொள்."

"மூட்டையை யார் சுமந்து மலையேறுறது? தீர்ந்தா வர்றேன். வந்தா இருக்குமில்ல?"

"என் குலம் உள்ளளவும் இருக்கும்" என்றார் அரசர். அந்த ஆணையைத் திரும்பப் பெற வேண்டிய தேவை அவருக்கு எந்நாளும் நேரவில்லை.

பிறகு இடும்பன் பக்கம் திரும்பினார். "நான் இவ்விதைகளைப் போற்றியது பொய்யா, இடும்பா? பொன்னும் பாலும் என் நெஞ்சிலிருந்து வந்தவை அல்லவா?"

"நெஞ்சிலிருந்து வந்தவைதாம், அரசே. ஆனால் விதைக்கு வேண்டியது இன்னதென்று விதையைக் கேட்காமல் தந்தோம். அதன் ஓடு தடித்தது. காட்டில் வெயிலும் வெள்ளமும் கல்லும் அதை உரசித் திறக்கும். நாமோ, உரசலே படாமல் காத்து, உள்ளிருந்த உயிரை நீருக்குத் தவிக்கவிட்டோம்."

"உனக்கு என்ன வேண்டும்? பொற்சாடிகள் இனி எனக்குத் தேவையில்லை."

"அடியேனுக்கும் தேவையில்லை. என் வீட்டு வாய்க்கால் ஓரத்தில் இந்த விருந்தினரின் உறவினர் சிலர் வளர்ந்து, வருவோர் போவோர் வேட்டியை இழுத்துப் பேசுகிறார்கள். அவர்களை வெட்ட இனி எனக்குக் கை வராது. ஆகவே ஆண்டுக்கு ஒரு வேட்டி."

அரசர் மறுபடியும் சிரித்தார். ஆண்டுக்கு ஒரு வண்டி வேட்டி தரச் சொன்னார். செங்கமலத்துக்குப் பொன்னூசியும் பட்டுநூலும் தரச் சொன்னார். தம் முத்துமாலையைக் கழற்றி இடும்பன் கழுத்தில் தாமே இட்டார்.

முளைத்த கழற்சிகள் அரண்மனை மதிலைச் சுற்றி நடப்பட்டன. பற்றிப் படர்ந்து பெருவேலியாயின. கார்காலத்தில் காய்ச்சல் கண்ட குடிகள் எவரையும் கேளாமல் வந்து காய் பறித்துச் சென்றார்கள். பறிக்கும்போது ஆடை கிழிந்தவர்கள், இந்த முள்ளை இங்கே கொண்டுவந்தவன் எவன் என்று இடும்பனை வைதார்கள். காய்ச்சல் தணிந்தபின் அவன் நெடுங்காலம் வாழ வேண்டும் என்று வாழ்த்தினார்கள். வைதவர்களும் வாழ்த்தியவர்களும் ஒருவரே ஆகையால், இடும்பன் இரண்டையும் ஒரே கும்பிடில் ஏற்றுக்கொண்டு இனிது வாழ்ந்தான்.